கிழக்குக் கரையோரம் - 4: முதலமைச்சர்கள் இருந்த ஊர்

சென்ற வாரம் கோணேசர் கோயிலில் நின்ற பயணம், இன்று திருகோணமலையின் பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டி உள்துறைமுகப் பக்கம் இறங்குகிறது. வாசலில் புள்ளிமான்கள் ஓட்டோக்களுக்கு வழிவிடாமல் நிற்கின்றன.

நான்கு முதலமைச்சர்கள் ஆட்சி நடத்திய ஊர் இது. முதலாமவர் வரதராஜப்பெருமாள். 1988 டிசம்பரில் இணைந்த வடகிழக்கு மாகாணத்துக்குப் பொறுப்பேற்றார். 71 பேர் கொண்ட மாகாண சபை. 1990 மார்ச்சில் இந்திய அமைதி காக்கும் படையின் கடைசிப் பிரிவு இதே துறைமுகத்தில்தான் கப்பலேறியது. பெருமாளும் நாட்டைவிட்டுப் போனார். 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாதென்றது. 2008இல் தனிக் கிழக்கின் முதல் முதலமைச்சரானார் பிள்ளையான்.

சுவையான கதை 2012 தேர்தலில் தொடங்குகிறது. 37 ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழரசுக் கட்சிக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. யாராலும் தனித்து ஆள முடியாது. முதலில் நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார். 2015 பெப்ரவரியில் காற்று மாறியது. 7 பேர் மட்டுமே வைத்திருந்த முஸ்லிம் காங்கிரஸின் நசீர் அஹமட் முதல்வரானார். 11 பேருடன் இருந்த தமிழர் தரப்பு இழுபறிக்குப் பிறகு இறங்கிவந்தது. அத்தரப்பின் தண்டாயுதபாணி கல்வியையும் துரைராஜசிங்கம் விவசாயத்தையும் ஏற்றார்கள். மூவினம் வாழும் மண்ணுக்குப் பொருந்திய ஏற்பாடு அது என்றே நான் நினைக்கிறேன். ஒப்பிட்டுப் பார்த்தால், கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிச் சட்டமன்றத்தில் கட்சியே கிடையாது. 19 உறுப்பினர்கள் கூடி, இரகசிய வாக்கில் முதல்வரைத் தெரிவு செய்கிறார்கள். கிழக்கில் கட்சிகளை வைத்துக்கொண்டே அதற்குச் சற்றுக் கிட்டப் போனார்கள்.

2017 செப்டம்பரில் சபையின் காலம் முடிந்தது. அதன்பின் ஆளுநர் ஆட்சிதான்.

மூதூர் இறங்குதுறையில் ஒரு பெரியவர் சொன்னார்: "முந்தி உறுப்பினரிட்டப் போய் றோட்டப் பற்றிக் கேக்கலாம் தம்பி. இப்ப ஆரிட்டப் போறது?"

அவர் கேள்விக்குப் பதில் கொழும்பில் கிடக்கிறது. 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தோற்கடித்தது. புது முறைக்கு எல்லைகள் இல்லை, பழைய முறைக்குச் சட்டம் இல்லை. பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு சட்டத் திருத்தம் போதும். அதைச் செய்யாமல் மூன்று சமூகத்தாரின் வாக்குரிமையை முடக்கிவைத்திருப்பது பெரிய அநியாயம்.