மூன்றாம் கியரின் தட்டு

மிஷிகனில் நாங்கள் இருவரும் வைத்திருக்கும் 1968 ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்குக்குக் கிளட்ச் மிதி கிடையாது. மூன்று கியர்களையும் சி-4 என்னும் தானியங்கிப் பெட்டி தானே மாற்றிக்கொள்ளும். 1964 மாடல்களில் அறிமுகமானது அது. எங்கள் கைக்கு வந்த நாள்முதல் வண்டி தாமதமாகக் கியர் மாற்றியது, மாற்றும்போதெல்லாம் உதைத்தது. பின்னிருக்கையில் இருந்த விருந்தினர் ஒருவர், யாரோ இடித்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்ததுண்டு.

இந்தப் பெட்டிக்குள் கணினி இல்லை. எண்ணெயின் அழுத்தமே தீர்மானிக்கிறது. பெட்டியிலிருந்து சக்கரங்களை நோக்கிச் செல்லும் தண்டோடு சுழலும் கவர்னர், வண்டியின் வேகத்தை அழுத்தமாக்கி அனுப்புகிறது. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை ரப்பர்க் குழாய் வழியே பெறும் மாடுலேட்டர், எஞ்சின் சுமக்கும் பாரத்தை உணர்ந்து எதிர்ப்புறம் அழுத்தம் தருகிறது. வேகத்தின் கை ஓங்கும் கணத்தில் கியர் ஏறுகிறது. மிதியை லேசாக அழுத்தினால் வெற்றிடம் மிகுதி. கியர் சீக்கிரமாக, மெத்தென ஏறும். ஆழ அழுத்தினால் வெற்றிடம் சரியும். தாமதமாக, இறுக்கமாக ஏறும். எங்கள் வண்டியில் இருந்த மாடுலேட்டரின் குழாய்முனைக்குள் ஒரு சிறு திருகு உண்டு. முடுக்கினால் அழுத்தம் கூடும், தளர்த்தினால் குறையும். கியர் எப்போது மாறும், எவ்வளவு வன்மையாக மாறும் என்ற இரண்டும் அந்த ஒரே திருகில் கட்டுண்டவை.

நாங்கள் தளர்த்தினோம். ஒரு சுற்று, ஓட்டிப்பார்த்து இன்னொரு சுற்று. உதை பெரும்பாலும் அடங்கியது. அழுத்தமானி பொருத்திப் பார்த்தே திருப்ப வேண்டும் என்று கையேட்டில் வாசித்திருந்தும் அதை வாங்கவில்லை. (அதே மாதம் புதிய சக்கர மூடிகள் வாங்கினோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.)

அடுத்த கோடையில் பழைய ரப்பர்க் குழாய்களையெல்லாம் மாற்றினோம். மாடுலேட்டருக்குப் போன குழாயின் வளைவில் நகக்கீறல்போல ஒரு வெடிப்பு. கையில் வைத்துப் பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. வெடிப்பின் வழியே காற்று புகுந்து வெற்றிடம் குன்ற, நாங்கள் மிதியை ஆழ அழுத்துவதாகவே மாடுலேட்டர் இத்தனை நாளும் நம்பியிருக்கிறது. உதைக்குக் காரணம் அதுதான். இப்போது புதிய குழாய் முழு வெற்றிடத்தையும் கொண்டுசேர்த்தது. திருகோ தளர்ந்தபடியே இருந்தது. அழுத்தம் வேண்டிய அளவுக்கும் கீழே இறங்கிவிட்டது.

வண்டி தெப்பம்போல மிதந்தது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுவது தெரியவேயில்லை. எஞ்சின் மட்டும் ஒரு கணம் வீணே இரைந்து அடங்கும். அந்த இரைச்சலை நாங்கள் ரசித்தோம். கிளட்ச் தகடுகள் பற்றாமல் வழுக்கியதன் அறிகுறி அது. இலையுதிர்காலத்தில் எண்ணெய்க்குச்சியை இழுத்துப் பார்த்தோம். சிவப்பாயிருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பாயிருந்தது. தீய்ந்த வாடை வேறு.

பெட்டியைப் பிரித்த முதிய மெக்கானிக், தகடுகளைச் செய்தித்தாளில் பரப்பிவைத்து எங்களைக் கூப்பிட்டார். திட்டவில்லை. தொட்டுப்பார்க்கச் சொன்னார், உராய்வுப்பூச்சு விரலில் கரியாக ஒட்டியது. புதிய தகடுகள் பூட்டி முடித்ததும் அழுத்தமானியைப் பொருத்திவிட்டு, திருப்புளியை எங்களிடமே நீட்டினார்.

வீடு திரும்பும் வழியில் மூன்றாம் கியர் ஏறியபோது முதுகில் சின்னதாக ஒரு தட்டு விழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.