சட்னி அரைத்த மிக்ஸியும் ஒரு ஜெர்மன் வார்த்தையும்

ஜெர்மனிக்குக் குடிவருகிறவர்களுக்கு வணக்கமும் நன்றியும் இரண்டே நாளில் பழகிவிடும். வாயில் நுழைய அடம்பிடித்தாலும் மனப்பாடம் செய்ய வேண்டிய வார்த்தை வேறு ஒன்று இருக்கிறது: ‘கெவேர்லைஸ்துங்’. கடையில் வாங்கிய புதுப்பொருளில் குறை இருந்தால், இரண்டு வருடம் வரை விற்ற கடைதான் பொறுப்பு என்று அர்த்தம்.

எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு மிக்ஸி. நியூரம்பெர்க் வந்த புதிதில் 89 யூரோவுக்கு வாங்கினோம். நம்மூர் மிக்ஸி மாதிரி மூன்று ஜார் கிடையாது. ஜூஸ் அடிக்கிற உயரமான கண்ணாடி ஜார் ஒன்றுதான். அதிலேயே சட்னி, அடை மாவு எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது மாதம் ஒருநாள் காலையில் மூச்சே இல்லை. ஒற்றைச் சம்பளத்தில் வாடகையும் குளிர்கால ஹீட்டர் செலவும் போக, இன்னொரு 89 யூரோவுக்கு எங்கே போவது?

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

“இதில் என்ன அரைத்தீர்கள்?” என்றார் கவுன்டரில் இருந்தவர்.

“தேங்காய், பொட்டுக்கடலை, மிளகாய்...”

முகர்ந்து பார்த்தார். மிக்ஸியை எங்கள் பக்கம் நகர்த்தி, “கரன்டீக்கு, தயாரித்த கம்பெனிக்கு எழுதுங்கள்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் நம் சாப்பாட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போலச் சுருக்கென்றது. பின்னால் வரிசை நீண்டது. “வா, போயிடலாம்” என்று என் கணவர் கையைப் பிடித்தார்.

நம்மூரில் ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது’ என்று போர்டு தொங்கினாலும், “அண்ணாச்சி, பத்து வருஷமா உங்ககிட்டதானே வாங்குறோம்” என்று ஆரம்பிக்கலாம். இங்கே முகதாட்சண்யத்துக்கு வேலை இல்லை. அதுவே ஒரு விதத்தில் வசதி என்று எனக்குப் பிறகு தோன்றியது. நேற்று வந்தவருக்கும் நாற்பது வருட வாடிக்கையாளருக்கும் ஒரே சட்டம்தானே!

விளக்கியவர் கீழ்வீட்டுப் பாட்டி. கரன்டீ என்பது கம்பெனி தானாக முன்வந்து தருவது. கெவேர்லைஸ்துங் சட்டம் தருவது. “அவர் முதலாவதைச் சொல்லி அனுப்பிவிட்டார். நீங்கள் இரண்டாவதைக் கேளுங்கள்” என்றார். வாங்கிய 12 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது முதலிலேயே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை, நாம்தான் கெடுத்தோம் என்றால் அதைக் கடை நிரூபிக்க வேண்டும். 2022-க்கு முன் இந்தச் சலுகை 6 மாதத்துக்குத்தான் இருந்ததாம்.

பில்லில் எழுத்தே அழிந்துபோயிருந்தது. அந்த வழவழப்புக் காகிதம் அப்படித்தான். பரவாயில்லை, கார்டில் கட்டிய பேங்க் ஸ்டேட்மென்ட் போதும் என்றார் பாட்டி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: நேரில் போய் வாங்கிய நல்ல பொருளை, கலர் பிடிக்கவில்லை என்று திருப்ப உரிமை கிடையாது. கடைக்காரர் மனது வைத்தால்தான் உண்டு. ஆன்லைனில் வாங்கியிருந்தால் பெரும்பாலும் 14 நாள் அவகாசம்.

மறுபடி போனேன், தனியாக. அதே கவுன்டர், அதே மனிதர். வழியெல்லாம் பஸ்ஸில் முணுமுணுத்த வார்த்தையைச் சொல்லி, ஸ்டேட்மென்டை வைத்தேன். கூடவே, கொட்டைகள் அரைக்கலாம் என்று படம் போட்டிருந்த கையேட்டுப் பக்கத்தையும். அவர் வாதாடவே இல்லை! கம்ப்யூட்டரில் ஒரு படிவத்தைத் திறந்து, “ரிப்பேரா, புதுசா?” என்றார். அதைத் தேர்ந்தெடுப்பதும் நம் உரிமைதான். “புதுசு” என்றேன்.

பத்து நாளில் போன் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் புது மிக்ஸி வீடு வந்து சேர்ந்தது. பில்லை அன்றே போட்டோ எடுத்துவைத்தேன். மறுநாள் ஞாயிறு. சத்தம் வரும் வேலைகளை அன்றைக்குத் தவிர்ப்பது இந்த ஊர் வழக்கம். கீழே பாட்டி வேறு இருக்கிறார். திங்கட்கிழமை காலை வரை இட்லிக்குப் பொடிதான்.