கீழே கடை, மேலே குடித்தனம்

ஊரிலிருந்து விருந்தினர் டில்லிக்கு வந்தால், அவர்களை நாம் அழைத்துச் செல்லும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே. செங்கோட்டை, குதுப்மினார், பிர்லா மந்திர், ராஜ்காட். திரும்பும் வழியில் கரோல்பாக்கில் சில துணிமணிகள். வந்தவர்களும் மகிழ்ந்து விடைபெறுவர். இவற்றைப் பற்றி எழுதியவர் பலர். நான் இங்கு எழுதப் புகுவது மாளிகைகளைப் பற்றி அன்று. இந்நகரின் சாதாரணக் கட்டடங்களில் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையே நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வழக்கைப் பற்றி. கீழே கடை வைத்து மேலே குடியிருக்கலாமா, கூடாதா என்பதே அவ்வழக்கு. பிழைப்புத் தேடி இங்கு வந்து குடியேறிய நம்மவர் குடும்பங்கள் பலவற்றை அது நேராகத் தொட்டிருக்கிறது.

முதலில் சாந்தினி சௌக்குக்குச் செல்வோம். ஷாஜஹானின் மகள் ஜஹனாரா 1650-ஆம் ஆண்டையொட்டி அமைத்த கடைவீதி இது. செங்கோட்டையிலிருந்து பதேபுரி மசூதி வரையுள்ள பெருவீதியில் 2021-ஆம் ஆண்டுமுதல் பகலில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. ஆதலால் நிம்மதியாக நடக்கலாம். பக்கத்துச் சந்துகளில் நுழைந்தால் தரீபாவில் நகைகள், கினாரி பஜாரில் சரிகை, நயீ சடக்கில் புத்தகம், காரீ பாவ்லியில் மிளகாய் நெடி. ‘கட்ரா’ என்று வழங்கும் முற்றங்களில் ஒரே தொழிலினர் சுற்றிலும் கடை வைத்து, அதற்கு மேலேயே குடியிருந்து வந்தனர். கடைக்காரர் மதிய உணவுக்குப் பத்துப் படி ஏறினால் போதும். இரவில் கடைக்குக் காவலும் அவரே.

அங்கிருந்து கனாட் பிளேஸ். ஆங்கிலேயர் ஆட்சியில் ராபர்ட் டோர் ரஸ்ஸல் வரைந்து 1933-இல் முடிவுற்ற இவ்வெள்ளைத் தூண் வட்டத்திலும், தொடக்கத்தில் கீழே கடைகளும் மேலே குடியிருப்புகளுமே இருந்தன. பிரிவினைக்குப்பின் அகதிகளுக்காக 1951-இல் எழுந்த கான் மார்க்கெட்டோ 154 கடைகளும் அவற்றின்மேல் 74 வீடுகளுமாகவே கட்டப்பட்டது. முகலாயரும் ஆங்கிலேயரும் சுதந்திர சர்க்காரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே முறையைப் பின்பற்றினர் என்பது வியப்பே.

பின்னர் ஏன் இம்முறை குற்றமாயிற்று? 1947-க்குப் பிறகு ஏறத்தாழ 5 லட்சம் அகதிகள் டில்லிக்கு வந்து சேர்ந்தனர். நகரம் வீங்கிற்று. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் யமுனையிலிருந்து எடுத்த குடிநீரில் சாக்கடை கலந்து, மஞ்சட்காமாலை நகரெங்கும் பரவியது. திட்டமின்றி வளரும் நகரம் மக்களைக் கொல்லும் என்பதை எல்லாரும் அப்போது உணர்ந்தனர். 1957-இல் டில்லி வளர்ச்சிச் சட்டம் வந்தது. அமெரிக்க நிபுணர் ஆல்பர்ட் மேயர் முதலானோரின் ஆலோசனையுடன் உருவான மாஸ்டர் பிளான் 1962 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. குடியிருக்க ஒரு மண்டலம், வாணிபத்துக்கு ஒரு மண்டலம், தொழிற்சாலைக்கு ஒரு மண்டலம் என நகரைப் பிரித்து வண்ணந் தீட்டியது அத்திட்டம்.

இவ்வாறு பிரிப்பது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் காட்டும் பூம்புகாரில் வணிகரும் கைவினைஞரும் மிகுந்த மருவூர்ப்பாக்கம் ஒருபுறம். அரசரும் பெருங்குடியினரும் வாழ்ந்த பட்டினப்பாக்கம் மறுபுறம். ஆனால் இரண்டுக்கும் நடுவே நாளங்காடி இருந்தது என்பதை மறத்தலாகாது. எல்லை வகுத்த முன்னோர் அவ்வெல்லையின்மீதே சந்தையையும் வைத்தனர். டில்லியின் திட்டத்திலும் அங்காடிகளுக்கு இடம் குறித்திருந்தனர். மாவட்டந்தோறும் பெரிய வாணிப மையம், பேட்டைதோறும் சிறிய அங்காடி. ஆனால் மக்கள் பெருகிய வேகத்துக்கு அங்காடிகள் எழவில்லை. எழுந்த கடைகளின் விலையோ சிறு வியாபாரிக்கு எட்டவில்லை. வரைபடத்தில் கிடைக்காத கடையை மக்கள் தம் வீட்டு முன்னறையில் திறந்தனர். லாஜ்பத் நகர், படேல் நகர், ராஜேந்திர நகர் போன்ற அகதிக் குடியிருப்புகளில் இது வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது.

இந்த முன்னறைக் கடைகளுள் ஒன்றை நான் நன்கறிவேன். மேற்கு டில்லியில் எங்கள் தெருவில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு மாமி இருந்தார். கணவர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து காலமானபின், பென்ஷனோடு இட்லி மாவும் அப்பளமும் காப்பிப் பொடியும் விற்று இரு பெண்களைப் படிக்க வைத்தார். கடை என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி முன்னறை. ஓர் அலமாரி, ஒரு கிரைண்டர், ஒரு தராசு, அவ்வளவே. அறை எடுத்துத் தங்கியிருந்த நம் பிள்ளைகள் பலர் அந்த மாவினால் தம் வயிற்றைக் காத்துக்கொண்டனர்.

2006 பிப்ரவரி 16 அன்று, எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியிருப்புக் கட்டடங்களை வாணிபத்துக்குப் பயன்படுத்துவது சட்டவிரோதம். அத்தகைய இடங்களுக்குச் சீல் வைக்கவேண்டும் என்றது. மார்ச் மாதத்தில் கண்காணிப்புக் குழுவும் அமைந்தது. பெருங்கடைகளின் கதவுகளில் அரக்கு முத்திரை விழும் காட்சியை நாள்தோறும் செய்தித்தாள்களில் கண்டோம். எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. எனினும் மாமி தாமாகவே கதவைச் சாத்திவிட்டார். “சீல் வைத்துவிட்டால் கிரைண்டரும் உள்ளேயே போய்விடுமே, ஸார்! ரேழியை வீடென்று சொல்வேனா, கடையென்று சொல்வேனா?” என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

அவ்வாண்டு மே மாதத்தில் பார்லிமெண்டு ஒரு தற்காலிகச் சட்டம் இயற்றி ஓராண்டு அவகாசம் தந்தது. ஆயினும் குழப்பம் தீரவில்லை. செப்டம்பர் 20 அன்று சீலம்பூரில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. அதற்குச் சில நாள் முன்னரே, கலப்புப் பயனுக்கு உரியவை என்றும் வாணிபத்துக்கு உரியவை என்றும் 2,183 தெருக்கள் அறிவிக்கப்பட்டிருந்தன. அந்த விதிகளே 2007 பிப்ரவரி 7 அன்று வெளியான ‘மாஸ்டர் பிளான் 2021’-இல் தனி அத்தியாயமாக இடம்பெற்றன.

அவற்றின் சாரத்தை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். தெருவின் அகலமே முதல் அளவுகோல். வீட்டுவரிக்காக வகுக்கப்பட்ட குடியிருப்பு வகைகளில் ‘சி’, ‘டி’ பிரிவுகளின் திட்டமிட்ட மனைப்பகுதிகளில் 18 மீட்டரும், ‘இ’, ‘எஃப்’, ‘ஜி’ பிரிவுகளில் 13.5 மீட்டரும், அகதிக் குடியிருப்புகளில் 9 மீட்டரும் அகலமுள்ள தெருக்களே கடைத்தெருவாக அறிவிக்கத் தக்கவை. அகலம் என்பது தார் போட்ட பாதையின் அகலம் அன்று. எதிரெதிர் மனை எல்லைகளுக்கு இடைப்பட்ட முழு அகலம். அறிவிக்கப்படாத தெருவிலும் கீழ்த்தளத்தில் 20 சதுர மீட்டருக்கு மிகாத சிறு கடை நடத்தலாம். ஆனால் பட்டியலில் உள்ள தொழிலாக இருத்தல் வேண்டும். காய்கறி, மளிகை, பால், மாவு மில், தையல், முடிதிருத்தகம், சைக்கிள் ரிப்பேர், ரேஷன் கடை முதலியன அதில் அடங்கும். தேநீர்க் கடையும் உண்டு. ஆனால் உட்காரும் வசதி கூடாது. நின்று குடித்தால் குடியிருப்பின் அமைதி கெடாது, அமர்ந்து குடித்தால் கெட்டுவிடும் என்று விதி வகுத்தோர் எண்ணினர் போலும்! மருத்துவர், வழக்கறிஞர், கணக்காயர் போன்றோர் தாம் வசிக்கும் வீட்டிலேயே ஒரு பகுதியில், பாதிப் பரப்புக்கு மிகாமல், தொழில் நடத்த இடமுண்டு.

மாமியின் முன்னறை 120 சதுர அடி. அதாவது ஏறக்குறைய 11 சதுர மீட்டர். விதி இடந்தந்த அளவில் பாதிக்குச் சற்றே மிகுதி. இதை நான் அளந்து சொன்ன அன்று அவர் நம்பவில்லை. தீபாவளிக்குப் பிறகே கடையை மீண்டும் திறந்தார். இடைப்பட்ட ஆறேழு மாதங்களில் மூத்த பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு வளையல்கள் போயின. சட்டம் அவற்றைக் கொண்டுபோகவில்லை. சட்டம் இன்னதென்று தெரியாத அச்சமே கொண்டுபோயிற்று.

இதனால், விதிகளே வேண்டா என்று சொல்ல வந்தேனல்லன். மறுபக்கமும் உண்டு. வீட்டுக்கு அடுத்த மனையில் விருந்து மண்டபம் வந்து, இரவு முழுவதும் ஒலிபெருக்கி முழங்க, வாசலில் வண்டிகள் வழிமறித்து நிற்கத் துன்புற்ற குடும்பங்கள் நம்முள்ளும் உண்டு. 2019 டிசம்பர் 8 அன்று ராணி ஜான்சி சாலையருகே அனாஜ் மண்டியில், குடியிருப்புகளுக்கு நடுவே இயங்கிய பட்டறைக் கட்டடம் தீப்பற்றி, உள்ளே உறங்கிய தொழிலாளர் 43 பேர் மாண்டனர்.

இன்னும் அண்மையில் நடந்ததைக் கூறுகிறேன். பழைய ராஜேந்திர நகரை அறியாத தமிழ்க் குடும்பம் இன்று இல்லை. ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டிலிருந்தும் ஆண்டுதோறும் அங்கு வந்து தங்குகின்றனர். அகதிகளுக்காக வகுத்த சிறு மனைகளில் இப்போது அடுக்கடுக்காக வகுப்பறைகள், விடுதிகள், வாசகசாலைகள். 2024 ஜூலை 27 மாலை பெய்த பெருமழையில் ஒரு பயிற்சி நிலையத்தின் நிலவறைக்குள் வெள்ளம் புகுந்து, அங்கே படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர் உயிரிழந்தனர். வண்டி நிறுத்தவும் பொருள் வைக்கவுமே அனுமதி பெற்ற நிலவறை அது, அதை நூலகமாக்கியிருந்தனர். அடுத்த மாதம் உறவினர் மகன் ஒருவனைப் பார்க்க அங்கு சென்றேன். பல கட்டடங்களின் நிலவறை வாயில்களில் முத்திரை தொங்கிற்று. 2006-இல் மாமியை அஞ்ச வைத்த அதே முத்திரை. ஆனால் அன்று அதனைக் கண்டு, இது முன்னமே விழுந்திருக்கலாகாதா என்று ஏங்கினேன்.

இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கவேண்டும். மாவு விற்கும் முன்னறையும் மாணவரை அடைத்த நிலவறையும் ஏட்டில் ஒரே பெயர் பெறக்கூடும்: ‘பயன் மாற்றம்’. முன்னது தெருவுக்குத் துணை. பின்னது உயிருக்கு ஆபத்து. இவற்றைப் பிரித்தறியும் விதியே நல்ல விதி. கடை என்ற பெயரை நோக்காது, அதன் அளவு, அது எழுப்பும் ஓசை, இழுக்கும் வண்டிகள், ஆபத்துக் காலத்தில் வெளியேறும் வழி ஆகியவற்றை நோக்கவேண்டும். 20 சதுர மீட்டர் விதி அந்தத் திசையில் வைத்த ஓரடி. 2006-இன் தற்காலிகச் சட்டமோ மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, 2023 டிசம்பரில் மறுபடியும் 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஓராண்டு அவகாசம் இருபதாண்டாக வளர்ந்தது, பிரச்சினையின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டும்.

ஆகவே, வீட்டில் டியூஷனோ, தையலோ, சிற்றுண்டியோ நடத்தும் நம் குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். அச்சத்தால் கதவைச் சாத்தவும் வேண்டா. அசட்டையாகச் சுவரை இடிக்கவும் வேண்டா. ஒரு நாள் ஓய்வெடுத்து, தெரு அறிவிக்கப்பட்டதா என்று கேட்டறிக. அறையை அளந்து கொள்க. செலுத்தவேண்டிய கட்டணம் இருப்பின் செலுத்தி ரசீதைப் பத்திரப்படுத்துக. பிள்ளைகளை விடுதிக்கோ வாசகசாலைக்கோ அனுப்புமுன், அது எந்தத் தளத்தில் உள்ளது, வெளியே வர எத்தனை வழி என்று நேரில் பார்த்துக் கொள்க.

மாமி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பெண்கள் இருவரும் நல்ல நிலையில் உள்ளனர். அந்த முன்னறையில் இப்போது பஞ்சாபிப் பெண்மணி ஒருவர் தையற்கடை வைத்திருக்கிறார். சென்ற வாரம் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போனபோது, “இந்த அறையில் கடை நடத்த ஆட்சேபணை ஏதுமில்லையே, பாயீ ஸாஹப்?” என்று கேட்டார். இம்முறை விடை என்னிடம் இருந்தது.