பாதி மலையில் ஒரு தாய்

திருச்சிக்குப் போகிறவர்கள் மலைக்கோட்டை ஏறாமல் திரும்புவதில்லை. சின்னக்கடை வீதியில் வளையல் கடைகளைத் தாண்டி வந்தால் மாணிக்க விநாயகர் சந்நிதி. அங்கே படிகள் ஆரம்பம். உச்சிப் பிள்ளையார் வரை 417 படிகள் என்கிறார்கள். உச்சியிலேயே கண்ணாக இராமல் பாதி வழியில் சற்று நில்லுங்கள். தாயுமானவர் கோயில் அங்கேதான் இருக்கிறது. சுகப்பிரசவத்துக்கு நேர்ந்துகொண்டவர்கள் வாழைத்தாரும் கையுமாக வருவதைப் பார்ப்பீர்கள்.

ஸ்தலபுராணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரத்னாவதிக்குத் தலைப்பிரசவம். பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையிலேயே நிறுத்திவிட்டது. இங்கே பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வாசலில் வந்து நின்றபோது, இரண்டு தாயாரைக் கண்டு பெண் திகைத்தாளாம். சித்திரைத் திருவிழாவில் இதைச் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று இன்றும் நடத்துகிறார்கள்.

பிள்ளை பெற்றவர்களுக்கு இந்தக் கதையின் உயிர் எங்கே என்று புரியும். நோவைவிடப் பெரிது அதற்கு முந்திய நாட்களின் சந்தேகம். ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பில் சுரீர் என்கிறது. இதுதானா? மாமியாரை எழுப்பலாமா? "இது சூட்டு வலிடீ, சீரகக் கஷாயம் குடித்துவிட்டுப் படு" என்றோ, "வண்டி கொண்டுவரச் சொல்லு" என்றோ சொல்லப் பக்கத்தில் ஒருத்தி வேண்டும். ரத்னாவதிக்கு அக்கரையில் நின்றுபோனது அந்தக் குரல்தான்.

இன்று காவிரிக்குப் பாலம் உண்டு. ஆனால் அம்மா உறையூரிலும் பெண் மும்பையிலும் அல்லவா இருக்கிறார்கள்! ஆகவே நீங்களே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பொய் வலிக்கு ஒழுங்கு கிடையாது. சற்று நடந்தாலோ, புரண்டு படுத்தாலோ அடங்கிவிடும். மெய் வலி எதற்கும் மசியாது. பெரும்பாலும் முதுகில் பிடித்து முன்வயிற்றுக்கு வரும். வரவர நெருங்கும், வரவர வலுக்கும். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரமாக ஒரு மணி நேரம் வந்தால் புறப்பட வேண்டியதுதான். ஆஸ்பத்திரி தூரமென்றால், அல்லது இது இரண்டாவது பிரசவமென்றால், அதற்கும் முன்பே. பனிக்குடம் உடைந்தாலும், உதிரம் போனாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் வலிக்காகக் காத்திருக்கவே கூடாது. 37 வாரம் நிறையுமுன் வலி கண்டால் கஷாயப் பரீட்சையும் வேண்டாம். பொய் வலி என்று திருப்பி அனுப்பினால்தான் என்ன? அதில் வெட்கம் எதற்கு? தமிழ்நாட்டில் 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது, காசும் கேட்பதில்லை.

மேலே ஏறினால் காவிரியும், அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களும் தெரியும். நீர் நிறைந்த ஆடியில் பார்த்தால், அந்தத் தாய் ஏன் தங்கிவிட்டாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நிறைமாதக்காரர்கள் மட்டும் படியேற அவசரப்பட வேண்டாம். வீட்டிலிருந்தே நேர்ந்துகொண்டு, பிள்ளையை எடுத்துக்கொண்டு பிறகு வாருங்கள். வாழைத்தாரைச் சுமக்கத்தான் வீட்டுக்காரர் இருக்கிறாரே!