கரண்ட் போய் வந்த பிறகும்

புது பிரிண்டரை வைஃபையில் இணைத்து முதல் தாள் வெளியே வந்ததும், வீட்டில் எல்லோரும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். நான் அப்போதுதான் பிரிண்டர், ரவுட்டர் இரண்டின் சுவிட்சையும் அணைப்பேன். திரும்பப் போட்டு, ரவுட்டர் முழுதாக உயிர்பெறும் வரை சில நிமிடம் காத்திருந்து, இன்னொரு தாள் எடுத்துப் பார்த்த பிறகே கிளம்புவேன். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் இந்தத் தொழிலைச் செய்கிறவன் இதை விடவே கூடாது.

இணைப்பது பெரும்பாலும் சுலபம். வீட்டு பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பிடிக்கும். ரவுட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விடுகிறது. செட்டப் திணறினால் 5-ஐ சற்று நேரம் நிறுத்திவைத்து, இணைந்ததும் திரும்பப் போட்டுவிடலாம். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பழைய பிரிண்டர் உள்ளேயே வராது. டபிள்யூபிஏ2-வையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்ற வேண்டும். டபிள்யூபிஎஸ் பொத்தானை ரவுட்டரில் அழுத்தினால் இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரிலும் அழுத்த வேண்டும். அதன் எட்டு இலக்க பின் முறையை மட்டும் அணைத்துவிடுவேன். அந்த எண்ணை இரண்டு பாதியாகத்தான் சரிபார்க்கிறார்கள். அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது.

சிக்கல் முகவரியில்தான். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் ஐபி முகவரி கொடுக்கிறது, அதுவும் தவணைக்கு. முதல் நாள் பிரிண்டருக்கு 192.168.1.5 கிடைத்தது என்று வையுங்கள். கணினி அதையே போர்ட்டாக எழுதிக்கொள்கிறது. கரண்ட் போய் வந்ததும், யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதைச் சில ரவுட்டர்கள் மறந்துவிடுகின்றன. முந்திக்கொண்ட டிவிக்கு 5 போய்விடும், பிரிண்டருக்கு 8 வரும். கணினி பழைய எண்ணிலேயே தட்டிப் பார்த்துவிட்டு ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். பிரிண்டரில் எந்தக் கோளாறும் இல்லை, வைஃபை விளக்குகூட நின்று எரிகிறது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹால் டிக்கெட் எடுக்க உட்கார்ந்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? டிரைவரை அழித்து மறுபடி ஏற்றிப் பொழுதைப் போக்கும்.

மருந்து ரவுட்டரில் இருக்கிறது. பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் அறிக்கையை அச்சிட்டால் அதன் மேக் முகவரி கிடைக்கும். ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் அந்த மேக்குக்கு ஓர் எண்ணை ஒதுக்கிவைத்தால், எத்தனை முறை கரண்ட் போனாலும் அதே எண்தான். பிரிண்டரிலேயே எண்ணைப் பூட்டிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளைக்கு 192.168.0 என்று தொடங்கும் ரவுட்டர் வந்தால், பூட்டிய பிரிண்டர் தனியாக நிற்கும்.

ஐபோனுக்கு இந்தக் கவலை குறைவு. 2010-ல் வந்த ஏர்பிரிண்ட், எண்ணை நம்பாமல் பெயர் சொல்லித் தேடுகிறது. ஆனால் பிரிண்டரும் போனும் ஒரே வலையில் இருக்க வேண்டும். விருந்தாளிகளுக்கான கெஸ்ட் வைஃபையிலிருந்து பிரிண்டர் பொதுவாகக் கண்ணில் படாது.

ரவுட்டரை மாற்ற ஆள் வரும்போது பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். பிரிண்டர் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். எண்ணை மட்டும் புது ரவுட்டரில் மறுபடி ஒதுக்க வேண்டும். அதற்காகவே அந்த நெட்வொர்க் அறிக்கையை மடித்து, பிரிண்டரின் வாரண்டி அட்டையோடு வைத்துவிட்டு வருகிறேன்.