சொல்லும் சான்றும்

ஒன்றைவிடப் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். ஏழு பகா எண் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆனால், 170141183460469231731687303715884105727 என்னும் 39 இலக்க எண்ணைக் காட்டி, இதுவும் பகா எண்ணே என்று ஒருவர் கூறினால், அதனை எதைக்கொண்டு ஏற்பது? கூறியவரின் புகழைக் கொண்டா, சான்றைக் கொண்டா?

இரண்டின் 127ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென், இவ்வகை எண்களுள் பகா எண்கள் எவை என்று 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அடுக்கு 67 ஆயினும் 127 ஆயினும் கிடைப்பது பகா எண்ணே என்பது அவர் கூற்று. அதற்கு அவர் நிறுவல் எதுவும் தரவில்லை. எனினும், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவ்விரண்டையும் நிறுவவோ மறுக்கவோ எவராலும் இயலவில்லை. சிறிய பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கலாமே எனத் தோன்றலாம். நொடிக்கு ஒரு வகுத்தல் செய்தாலும், 39 இலக்க எண்ணைச் சோதித்து முடிக்கப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும்.

பிரான்சு நாட்டு ஆசிரியர் எதுவார் லூக்கா வேறு வழி கண்டார். அதனை 127 என்னும் சிறிய எண்ணில் காண்போம். இது இரண்டின் ஏழாம் அடுக்கினும் ஒன்று குறைந்தது. மூன்றில் தொடங்கி, வர்க்கம் கண்டு இரண்டைக் கழிக்க வேண்டும். விடை 127ஐ விஞ்சினால், 127ஆல் வகுத்து மீதியை மட்டும் கொள்ள வேண்டும். 3, 7, 47, 48, 16 என வந்து, ஐந்தாம் படியில் மீதி சுழியம் ஆகிறது. எனவே 127 பகா எண். அடுக்கு ஏழாயின் ஐந்து படிகள். அடுக்கு 127 ஆயின் 125 படிகளே போதும்.

1876இல் லூக்கா, கணிப்பொறியின்றிக் கையாலேயே கணக்கிட்டு, அந்த 39 இலக்க எண் பகா எண்ணே என நிறுவினார். அதே ஆண்டில், 67ஆம் அடுக்கால் கிடைக்கும் எண் பகு எண் என்றும் காட்டினார். மெர்சென் ஒன்றில் சரி; மற்றொன்றில் பிழை. வியப்பு யாதெனில், பகு எண் என அறிந்த லூக்கா அதன் காரணிகளை அறிந்திலர். 193707721, 761838257287 என்னும் அக்காரணிகளை 1903இல் அமெரிக்கக் கணித அறிஞர் கோல் வெளியிட்டார்.

லூக்காவின் எண் 1951 வரை, அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியதாக விளங்கியது. 2024இல் கண்டறியப்பட்ட பகா எண் 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. லூக்காவின் முறையை லேமர் செம்மைப்படுத்திய வடிவமே அதனையும் உறுதிசெய்தது.

இரண்டின் மூன்றாம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 7. ஏழாம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 127. 127ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் லூக்காவின் எண். அவ்வெண்ணையே அடுக்காக வைத்து மீண்டும் ஒன்று குறைத்தால் வருவது பகா எண்ணா? 3, 7, 127, லூக்காவின் எண் ஆகிய நான்கும் பகா எண்கள் ஆதலின், ஐந்தாவதும் அவ்வாறே இருக்கும் எனச் சொல்லத் தோன்றும். மெர்சென் சொன்னதும் இவ்வாறே சான்றின்றித்தான். இன்றுவரை அதற்கு விடை கண்டவர் எவரும் இலர்.