கைப்பக்குவம்

கண்ணாற் காண்பது ஒன்று. கையாற் செய்வது மற்றொன்று. நீந்துவோனைக் கரையில் நின்று காண்பவனுக்கு நீச்சல் மிக எளிதாகத் தோன்றும். ஆற்றில் இறங்கிய பின்னரே நீரின் ஆழமும் ஓட்டத்தின் விரைவும் அவனுக்குப் புலனாகும். சமையலும் கைவினையும் அத்தன்மையனவே. இக்காலத்தில் கைபேசியைத் திறந்தால், உலகின் எம்மூலையில் உள்ளவரும் தத்தம் இல்லத்தில் பண்டங்களையும் பொம்மைகளையும் செய்துகாட்டக் காணலாம். அவற்றைக் கண்டு தாமும் செய்ய முயல்வோர் பலர். அம்முயற்சியில் கிடைப்பது யாது, தவறிப்போவது யாது என்பதைக் கடலூரிலும் சிதம்பரத்திலும் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் நன்கு விளக்கும்.

கெடிலம் ஆறு கடலொடு கலக்கும் ஊர் கடலூர். அவ்வூரில் ஒரு நடுத்தரக் குடும்பம் வாழ்ந்து வந்தது. அக்குடும்பத்தில் எட்டாம் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தியும், ஆறாம் வகுப்புப் பயிலும் அவள் தம்பியும் இருந்தனர். ஆண்டுதோறும் புரட்டாசித் திங்களில் அவர்கள் இல்லத்தில் கொலு வைப்பது வழக்கம். கொலுப்படியில் மளிகைக்கடைச் செட்டியார் பொம்மையும் அவர் மனைவியின் பொம்மையும் இணையாக வீற்றிருக்கும். சிதம்பரத்தில் வாழும் பாட்டி, தம் மகளின் திருமணத்தின்போது அளித்த மண்பொம்மைகள் அவை. ஓராண்டு கொலு முடிந்து பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும்போது, தம்பியின் கை தவறிச் செட்டியார் கீழே விழுந்து நொறுங்கிப் போனார். தாய் அவனைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. உடைந்த துண்டுகளை முறத்தில் அள்ளிக்கொண்டு வாளா சென்றாள். அந்தச் சொல்லாத சொல் சிறுவனின் நெஞ்சில் ஓராண்டு முழுதும் தைத்துக்கொண்டே இருந்தது.

மறு ஆண்டு காலாண்டு விடுமுறை வந்தது. காகிதக்கூழால் பொம்மை செய்யும் முறை ஒன்றைச் சிறுவன் கைபேசியில் கண்டான். படம் பத்து நிமிடமே ஓடிற்று. பழைய செய்தித்தாளைக் கிழித்தார்கள், நீரில் ஊறவைத்தார்கள், பசை சேர்த்துப் பிசைந்தார்கள், உருவாக்கினார்கள், வண்ணம் பூசினார்கள். அழகிய பொம்மை ஒன்று சிரித்துக்கொண்டு நின்றது. "அக்கா! செட்டியாரை நாமே செய்துவிடலாம்" என்று கூவினான் தம்பி. அன்று மாலையே வேலை தொடங்கிற்று. காகிதம் ஒருமணி நேரம் ஊறியது. கைக்கு வந்தபடி பசை கலந்து, தடித்த உருண்டையாக உடலையும் தலையையும் அமைத்தனர். விரைவில் உலரட்டும் என்று மறுநாள் உச்சிவெயிலில் மாடியில் வைத்தனர். மாலையில் சென்று பார்த்தால், செட்டியாரின் வயிற்றில் குறுக்கே ஒரு பிளவு. கழுத்தில் மற்றொரு பிளவு. தொட்டதும் தலை தனியே வந்துவிட்டது. உள்ளேயோ கூழ் ஈரம் மாறாமல் இருந்தது.

சிறுவன் கண்ணீர் உகுத்தான். தமக்கையோ காரணத்தை அறிய விரும்பினாள். கடலூரை அடுத்த பண்ருட்டியும், கடலூரிலேயே உள்ள வண்டிப்பாளையமும் கொலுப் பொம்மைக்குப் பெயர்பெற்றவை. ஆதலின் தந்தையை அழைத்துக்கொண்டு பிள்ளைகள் இருவரும் வண்டிப்பாளையம் சென்றனர். அங்கே முதியவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பொம்மைக்கு உப்புத்தாள் இட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் துணியில் முடிந்து கொண்டுவந்த உடைந்த செட்டியாரை அவர் வாங்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பின்னர் நகைத்து, "தம்பி, படத்தில் எல்லாவற்றையும் காட்டுவார்கள், காத்திருப்பதை மட்டும் காட்டமாட்டார்கள்" என்றார்.

பின் அவர் தொழிலின் நுட்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். காகிதம் நன்கு ஊறி, நார்நாராகப் பிரிய வேண்டும். அதனை இடித்து, நீர் வடியப் பிழிந்து, மரவள்ளிக்கிழங்கு மாவில் காய்ச்சிய பசையும் சுண்ணத்தூளும் சேர்த்துச் சப்பாத்தி மாவின் பதத்திற் பிசைய வேண்டும். பொம்மையின் முன்பக்கத்திற்கு ஓர் அச்சும் பின்பக்கத்திற்கு ஓர் அச்சும் உண்டு. அவற்றுள் கூழை மெல்லிய படலமாக ஒரே கனத்தில் அழுத்த வேண்டும். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருப்பின், உலரும்போது அவை ஒரே அளவாகச் சுருங்கா. அதனால் பிளவு தோன்றும். கடுவெயிலில் வைத்தாலும் கேடே. என்னை? வெளிப்புறம் முதலில் உலர்ந்து இறுகிவிடும். உட்புற ஈரம் பின்னர் உலர்ந்து சுருங்கும்போது வெளிப்புறத்தைப் பிளந்துவிடும். ஆதலின் முதலில் நிழலிலும் பின்னர் இளவெயிலிலும் உலர்த்தல் வேண்டும். அதன்பின் இரு பகுதிகளையும் பொருத்தி, மூட்டுவாயில் காகிதப் பட்டை ஒட்டி, தேய்த்து வழவழப்பாக்கி, வெள்ளைப் பூச்சிட்டு, வண்ணம் தீட்ட வேண்டும். எல்லாவற்றிற்கும் இறுதியாகவே கண் எழுதுவர்.

முதியவர் பழைய அச்சு ஒன்றைப் பிள்ளைகளுக்கு இரவலாகத் தந்தார். "எங்கள் வீட்டில் இதைத் தொட இப்போது ஆள் இல்லை, பையன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நீங்களாவது தொட்டுப் பாருங்கள், நவராத்திரி முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள்" என்று கூறினார். அவர் குரலில் வருத்தம் இருந்ததோ இல்லையோ, கூறிய அளவில் மீண்டும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டார்.

இம்முறை பிள்ளைகள் அவசரப்படவில்லை. உலர்த்துவதற்கே பல நாட்கள் சென்றன. கொலுவின் இரண்டாம் நாளிலேதான் செட்டியார் படியேறினார். மூக்கு ஒரு பக்கம் சற்றே கோணியிருந்தது. ஆயினும் தனித்திருந்த மனைவியின் அருகே அவர் அமர்ந்தபோது, தாய் மகனின் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஓராண்டாகத் தைத்திருந்த முள் அப்பொழுதே நீங்கிற்று.

தொலைவிலுள்ளோர் செய்வதைக் கண்டு தாமும் செய்துபார்த்தல் தமிழருக்குப் புதிய வழக்கமன்று. செட்டியார் பொம்மையையே ஆராய்ந்து பாருங்கள். அதன் உடலாகிய காகிதம் சீன நாட்டிற் பிறந்த பொருள். அதனை ஒட்டிய மரவள்ளி, தென் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், தம் குடிகளின் பசி தீர்க்கும் பயிர் இது என உணர்ந்து அதனை நாட்டிற் பரப்பினார். பண்ருட்டிக்குப் பெருமை தரும் முந்திரியும் பிரேசில் நாட்டு மரமே. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதனை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர். இன்று அது கடலூர் மாவட்டத்துச் செம்மண்ணின் பிள்ளையாகவே ஆகிவிட்டது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் வீசி முந்திரி மரங்களையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தபோது, பெற்ற பிள்ளையை இழந்தாற் போல உழவர் கலங்கினர்; பின்னர்க் கன்று நட்டு மீண்டும் வளர்த்தனர். அயலிலிருந்து வரும் பொருள், கையின் உழைப்பும் காலத்தின் பொறுமையும் சேர்ந்த பின்னரே நம் பொருள் ஆகின்றது. அந்நாளில் கப்பலில் வந்த புதுமை, இந்நாளில் கைபேசியில் வருகின்றது. வேறுபாடு அவ்வளவே.

அரையாண்டு விடுமுறையில் மார்கழித் திருவாதிரை வந்தது. பிள்ளைகள் பாட்டியைக் காணச் சிதம்பரம் சென்றனர். கடலூர் துறைமுகச் சந்திப்பில் இரயிலேறி, பரங்கிப்பேட்டையைக் கடந்து, வெள்ளாற்றுப் பாலத்தின் மீது சென்று சிதம்பரத்தை அடைந்தனர். செட்டியார் பொம்மையும் துணிப்பையில் உடன் வந்தது. காகிதப் பொம்மை எடை குறைந்தது, எளிதில் உடையாதது. ஆதலின் பயணத்தில் அதற்கு ஒரு தீங்கும் நேரவில்லை.

தில்லைப் பெருங்கோயிலில் ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவராகிய நடராசப் பெருமானே தேரேறி வீதிவலம் வருவார். திருவாதிரை நாளில் வீடுதோறும் களி செய்வர். திருப்பல்லாண்டு பாடிய சேந்தனார் விறகு விற்று வாழ்ந்தவர் என்றும், நாள்தோறும் ஓர் அடியாருக்கு உணவளித்த பின்னரே தாம் உண்பவர் என்றும் கூறுவர். ஒருநாள் பெருமழையில் விறகு நனைந்து விலைபோகவில்லை. இருந்த மாவைக்கொண்டு அவர் களி செய்தார். இறைவனே அடியாராக வந்து அதனை உண்டான் என்பது மரபுவழிச் செய்தி. வறுமையிற் பிறந்த அவ்வுணவே திருநாளின் சிறப்புணவாயிற்று.

பாட்டி ஆண்டுதோறும் களி செய்து அண்டை வீடுகள் அனைத்திற்கும் அனுப்புவார். அவ்வாண்டு அவருக்குக் கைந்நடுக்கம் மிகுந்திருந்தது. "இவ்வாண்டு களி வேண்டாம், கரண்டி என் பிடியில் நிற்பதில்லை" என்றார். தமக்கை உடனே, "நாங்கள் செய்கிறோம், பாட்டி, செய்முறையைப் படத்தில் பார்த்திருக்கிறேன்" என்றாள். பாட்டி மறுக்கவில்லை. அரிசியைச் செம்மை படர வறுத்து நொய்யாக உடைத்து முன்னமே வைத்திருந்தார். அதில் பாதியை எடுத்துக்கொடுத்தார்.

வெண்கலப் பானையில் நீர் கொதித்தது. நொய்யும், வறுத்த பாசிப்பருப்பும் இட்டனர். நொய் பாதி வெந்திருக்கும்போதே சிறுமி வெல்லத்தைச் சேர்த்துவிட்டாள். வெல்லம் சேர்ந்தபின் அரிசி நீரை எளிதில் உறிஞ்சாது. அதனால் எவ்வளவு நேரம் கிளறியும் நொய் பல்லில் நறநறவென்று கடிபட்டது. வாசலிலோ அண்டை வீட்டுக் குழந்தை கிண்ணத்துடன் வந்து நின்றது. சிறுமி நாணித் தலைகவிழ்ந்தாள்.

பாட்டி ஒரு பிடி களியை இலையில் இட்டு, மெல்ல உண்ணலானார். "என் முதல் களியும் இப்படித்தான் இருந்தது, அம்மா. என் மாமியார் ஒரு சொல்லும் சொல்லாமல் முழுவதையும் உண்டார், பிறகு என்னை அழைத்து அடுப்பருகே நிறுத்தினார்" என்று கூறிக்கொண்டே எழுந்தார். மிகுந்திருந்த நொய் முழுவதும் இப்போது பானைக்கு வந்தது. அதுவும் கெட்டால் அவ்வாண்டு களி இல்லை. பேத்தி கிளறினாள், பேரன் விறகைத் தள்ளினான். பாட்டி வெந்த பருக்கை ஒன்றை எடுத்துப் பேத்தியின் விரல்களிடையே வைத்து, நடுங்கும் தம் விரல்களால் அழுத்தினார். "நடுவில் வெள்ளைப் புள்ளி தட்டுகிறதா?" என்றார். "தட்டுகிறது" என்றாள் சிறுமி. "அப்படியானால் வெல்லத்திற்கு நேரம் ஆகவில்லை." இங்ஙனம் மும்முறை பார்த்தனர். நான்காம் முறை பருக்கை வெண்ணெய்போல் நசுங்கிற்று. அதன்பின்னரே வெல்லப்பாகும், தேங்காய்த் துருவலும், ஏலப்பொடியும், நெய்யில் வறுத்த பண்ருட்டி முந்திரியும் சேர்ந்தன. மணம் தெருவை எட்டியது. காத்திருந்த கிண்ணங்கள் நிறைந்தன.

அன்று மாலை பாட்டி செட்டியார் பொம்மையை மடியில் வைத்து, அதன் கோணல் மூக்கை விரலால் தடவினார். "பழைய செட்டியாரைவிட இவர் கெட்டிக்காரர், விழுந்தாலும் எழுந்துவிடுவார்" என்றார். சிறுவன் நாணத்தோடு நகைத்தான். தமக்கையோ தன் குறிப்பேட்டில் களியின் அளவை எழுதினாள். உழக்குக் கணக்கு ஒரு வரியில் முடிந்தது. அதன்கீழ், 'பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்த பின்னரே வெல்லம் இடுக' என்று எழுதி, அவ்வரியின் அடியில் கோடிட்டாள்.

படம் வழியைக் காட்டும். நூலும் அளவைக் கூறும். அவ்விரண்டும் வேண்டத்தக்கனவே. ஆனால் பக்குவம் என்பது கையிலிருந்து கைக்கு வருவது. தர ஒரு கையும், பெற ஒரு கையும் இருக்கும் காலத்திலேயே அதனைப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். முதன்முறை பிளந்த பொம்மையும் வேகாத களியும் இழிவு அல்ல. அவை அக்கைகள் ஒன்றையொன்று தேடிச் செல்லக் காரணமாயின. அச்சைத் திருப்பிக் கொடுக்கச் சென்ற நாளில் வண்டிப்பாளையத்து முதியவர் அதனை வாங்கவில்லை என்பதையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். "அடுத்த நவராத்திரிக்கும் உங்களிடமே இருக்கட்டும்" என்று கூறி, மற்றோர் அச்சையும் அதன்மேல் எடுத்துவைத்தார்.